அளவு, இடம், நோக்கம், வயது: வெட்டுக்கருவி விற்பனைக் கட்டுப்பாட்டின் வரலாறும் சென்னை மேற்குப் புறநகரும்

ஆய்வுச்சுருக்கம்

சமையலறைக் கத்தி, அரிவாள் முதலிய வெட்டுக்கருவிகளை வாங்குவதற்கு இந்தியாவில் பொதுவான சட்டப்படியான வயது வரம்பு இல்லை. துப்பாக்கிக்கும் அமிலத்திற்கும் உருவான வரம்பு கத்திக்கு ஏன் உருவாகவில்லை என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. 1801 முதல் அரசு வெட்டுக்கருவியை வடிவம், இடம், சமூகம், நோக்கம் ஆகியவற்றைக் கொண்டு வகைப்படுத்தியது. வாங்குபவரின் வயதைக் கொண்டு வகைப்படுத்தவில்லை. இந்த இடைவெளியை 2021 முதல் காவல்துறையின் நிர்வாக அறிவுறுத்தல் ஓரளவு நிரப்பியுள்ளது. அதன் சுமை சட்டமன்றத்தின் மீதன்றிக் கொல்லுப்பட்டறையின் மீது விழுந்துள்ளது என்பதை அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதியை முன்வைத்து இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: ஆயுதச் சட்டம், வெட்டுக்கருவி, வயது வரம்பு, கொல்லுப்பட்டறை, சென்னை மேற்குப் புறநகர்

1. முன்னுரை

பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் பூந்தமல்லிக் கடைத்தெருவுக்குச் செல்வதாகக் கொள்வோம். அவனுக்குச் சிகரெட் விற்பது 2003ஆம் ஆண்டுப் புகையிலைப் பொருள்கள் சட்டத்தின்படி குற்றம். மதுபானம் வாங்க அவன் 21 வயது நிறைவடையும்வரை காத்திருக்க வேண்டும். அமிலம் விற்க 2013ஆம் ஆண்டு உச்சநீதிமன்ற ஆணை தடையாக நிற்கிறது. ஆனால் அதே தெருவில் உள்ள பாத்திரக் கடையில் இறைச்சி வெட்டும் கத்தியையோ இரும்புக் கடையில் வெட்டரிவாளையோ அவன் கேட்டால், வயதைக் காரணமாகக் காட்டி மறுக்குமாறு கடைக்காரரைப் பணிக்கும் சட்டவிதி எதுவும் இல்லை.

இந்நிலையைச் சட்டத்தின் மறதி என்று எளிதாகக் கூறிவிடலாம். பள்ளி, கல்லூரி மாணவர்கள் வெட்டுக்கருவிகளுடன் பிடிபடும் செய்திகள் வரும்போதெல்லாம் விற்பனைக்கு வயது வரம்பு வேண்டும் என்ற குரலும் எழுகிறது. எனினும் இந்த இடைவெளி மறதியால் விளைந்ததன்று. அதற்கு இரு நூற்றாண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறியாமல் வரம்பை ஆதரிப்பதும் எதிர்ப்பதும் பயனுடையதாகா. இக்கட்டுரையில் ‘வெட்டுக்கருவி’ என்னும் சொல் வீட்டிலும் வயலிலும் தொழிலிலும் புழங்கும் கத்தி, அரிவாள், கொடுவாள், அரிவாள்மனை போன்றவற்றைக் குறிக்கிறது.

2. ஆயுதக் களைவும் வெட்டுக்கருவியும் (1801–1878)

தமிழகத்தில் நவீன ஆயுதக் கட்டுப்பாட்டின் தொடக்கம் பாளையக்காரர் எழுச்சியின் முடிவோடு இணைந்தது. மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட சில வாரங்களில், 1801 டிசம்பர் 1ஆம் நாள் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட அறிவிப்பு தென்பகுதி மக்கள் ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்தது. அங்கு அரசின் கவலை கிளர்ச்சி பற்றியது. தடைக்கு உள்ளானவர்கள் ஒரு நிலப்பரப்பின் மக்கள். அவர்களுள் சிறுவர், பெரியவர் என்ற பாகுபாட்டுக்கு இடமில்லை.

வெட்டுக்கருவியை மட்டும் தனியே எடுத்துச் சட்டம் இயற்றிய முதன்மையான நிகழ்வு சென்னை மாகாணத்தின் பகுதியாக இருந்த மலபாரில் நடந்தது. மாப்பிள்ளைமார் கிளர்ச்சிகளை அடுத்து 1854இல் நிறைவேறிய 24ஆம் சட்டம் ‘ஆயுதக் கத்தி’ எனப்பட்ட போர்க்கத்தியை வைத்திருப்பதைத் தண்டனைக்குரியதாக்கியது. மாவட்ட ஆட்சியர் எச்.வி. கனோலி ஊர் ஊராகச் சென்று கத்திகளைத் திரட்டினார். 1855 ஜனவரி முடிவுக்குள் 7,561 கத்திகள் ஒப்படைக்கப்பட்டதாக வில்லியம் லோகனின் மலபார் கையேடு பதிவுசெய்கிறது. அதே ஆண்டு செப்டம்பரில் கனோலி தம் இல்லத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். பொருளைத் திரட்டிவிட்டால் வன்முறை அகன்றுவிடும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்ததற்கு இது ஒரு தொடக்ககாலச் சான்று.

1854ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று அளவுகோல்களைக் கொண்டிருந்தது. முதலாவது கத்தியின் வடிவம், இரண்டாவது மலபார் என்னும் இடம், மூன்றாவது நடைமுறையில் குறிவைக்கப்பட்ட சமூகம். 1857 எழுச்சிக்குப் பின் வந்த 1860ஆம் ஆண்டுச் சட்டமும் லிட்டன் காலத்து 1878ஆம் ஆண்டு இந்திய ஆயுதச் சட்டமும் இவ்வளவுகோல்களை நாடு முழுமைக்கும் விரித்தன. 1878ஆம் ஆண்டின் வரையறை துப்பாக்கி, துப்பாக்கி முனைக்கத்தி, வாள், குத்துவாள், ஈட்டி, வில், அம்பு முதலியவற்றைப் பெயர்சொல்லிப் பட்டியலிட்டது. குடகர் இனத்தவருக்கு விலக்கு அளிக்கப்பட்டது. அரசு அஞ்சியது ஆயுதம் ஏந்திய குடியை; கத்தி ஏந்திய சிறுவன் அதன் பார்வைப் புலத்திலேயே இல்லை.

3. 1959ஆம் ஆண்டுச் சட்டம்: அளவும் நோக்கமும்

விடுதலைக்குப் பின் இயற்றப்பட்ட 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மக்களை ஆயுதமற்றவர்களாக்கும் காலனிய நோக்கிலிருந்து விலகுவதாக அது முன்வைக்கப்பட்டது. அதன் விளைவாக வெட்டுக்கருவியைப் பொறுத்தவரை இரண்டு முக்கியமான மாற்றங்கள் நிகழ்ந்தன.

முதலாவது, வீட்டுப் பயன்பாட்டுக்கோ வேளாண்மைக்கோ மட்டுமே வடிவமைக்கப்பட்ட பொருள்கள் ‘ஆயுதம்’ என்ற வரையறையிலிருந்து வெளிப்படையாக நீக்கப்பட்டன. இரண்டாவது, துப்பாக்கியல்லாத ஆயுதங்களுக்கு எல்லா இடங்களிலும் உரிமம் தேவைப்படவில்லை. ஒரு பகுதியின் சூழ்நிலை வேண்டினால் நான்காம் பிரிவின்கீழ் அறிவிக்கை வெளியிட்டு, அப்பகுதியில் மட்டும் குறிப்பிட்ட வகை ஆயுதங்களை உரிமத்துக்கு உட்படுத்தலாம் என்றாயிற்று.

சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட 1962ஆம் ஆண்டு விதிகள் ஐந்தாம் வகைப்பாட்டில் வாள், குத்துவாள், ஈட்டி முதலியவற்றோடு 9 அங்குலத்திற்கு மேல் நீளமோ 2 அங்குலத்திற்கு மேல் அகலமோ கொண்ட அலகுடைய கத்தி போன்ற ஆயுதங்களைச் சேர்த்தன. உடனடியாக ஒரு விலக்கையும் வைத்தன: வீடு, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகிய நோக்கங்களுக்காக வடிவமைக்கப்பட்டவை இதில் அடங்கா. 2016ஆம் ஆண்டு விதிகளிலும் இவ்வகைப்பாடு தொடர்கிறது.

இவ்விலக்கு தமிழ்நாட்டுச் சூழலில் பெரும் பொருளுடையது. தேங்காய் வெட்டவும் முள் கழிக்கவும் பயன்படும் வெட்டரிவாளின் அலகு இரண்டு அங்குல அகலத்தை எளிதில் கடந்துவிடும். அளவு ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால் சிற்றூரின் பெரும்பாலான வீடுகள் உரிமமில்லாத ஆயுதக் கிடங்குகளாகிவிடும். நோக்கம் என்னும் விலக்கே உழவரையும் கொல்லரையும் சட்டத்திலிருந்து காத்துவந்தது. ஆனால் நோக்கம் கருவியில் பொறிக்கப்பட்டிருப்பதன்று. ஒரே அரிவாள் காலையில் இளநீர் வெட்டும்; மாலையில் ஆளை வெட்டும். எனவே சட்டம் விற்பனையின்போது விலகி நின்று, பயன்படுத்தப்படும்போதே குறுக்கிடுகிறது. வெட்டவோ குத்தவோ பயன்படும் எக்கருவியாலும் காயம் விளைவிப்பதைக் கடுங்குற்றமாகக் கருதும் தண்டனைச் சட்டப் பிரிவு சமையலறைக் கத்தியையும் உள்ளடக்குவது இதனால்தான்.

நான்காம் பிரிவு எவ்வாறு இயங்கும் என்பதற்குத் தில்லி நிர்வாகம் 1980 அக்டோபர் 29இல் வெளியிட்ட அறிவிக்கை நல்ல சான்று. அது 7.62 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல் அகலமும் கொண்ட பொத்தான் கத்தியைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. இங்கும் அளவுகோல் அளவும் இடமுமே. வாங்குபவரின் வயது பேசப்படவில்லை.

4. வயது சட்டத்துள் நுழைந்த வழி

ஆயுதச் சட்டத்தில் வயதே இல்லை என்று கூற இயலாது. ஒன்பதாம் பிரிவு குறிப்பிட்ட வயது நிறைவடையாதவர் துப்பாக்கியையும் தோட்டாவையும் பெறுவதையும் அவருக்கு அவற்றை விற்பதையும் தடைசெய்கிறது. 1959இல் அவ்வயது 16. 1983ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 21 ஆக உயர்த்தியது. பயிற்சிக்காக மட்டும் இளையோருக்கு விதிவிலக்கு உண்டு. ஆயினும் இப்பிரிவின் வயது வரம்பு துப்பாக்கியோடும் தோட்டாவோடும் நின்றுவிடுகிறது. உரிமத்திற்கு உட்படக்கூடிய வாளுக்குக்கூட அது நீட்டிக்கப்படவில்லை.

மறுபுறம், வயது என்பது வேறொரு சட்டமரபின் வழியே வளர்ந்தது. 1920ஆம் ஆண்டுச் சென்னைச் சிறார் சட்டம் இந்திய மாகாணங்களில் இவ்வகையில் முதலாவதாகும். தொழிற்சாலைச் சட்டம், தொழில் பழகுநர் சட்டம், இளைஞர் நீதிச் சட்டம் ஆகியவை அம்மரபின் தொடர்ச்சிகள். இவற்றில் சிறுவர் உழைப்பாளியாகவோ குற்றம்சாட்டப்பட்டவராகவோ பாதுகாப்புத் தேவைப்படுபவராகவோ தோன்றுகிறார். ஒரு பொருளை வாங்கும் நுகர்வோராகத் தோன்றுவது அரிது. புகையிலையும் மதுவும் அத்தகைய அரிய விதிவிலக்குகள்; அவற்றிலும் காக்கப்படுவது வாங்குபவரின் உடல்நலமே.

பிறருக்கு விளையும் தீங்கைத் தடுக்கும் பொருட்டு ஒரு வீட்டுப்பொருளின் விற்பனைக்கு வயது வரம்பு விதிக்கப்பட்ட முக்கிய நிகழ்வு 2013 ஜூலை 18ஆம் நாள் லட்சுமி எதிர் இந்திய ஒன்றியம் வழக்கில் உச்சநீதிமன்றம் பிறப்பித்த ஆணையாகும். 18 வயதுக்குக் குறைந்தவருக்கு அமிலம் விற்கலாகாது. வாங்குபவர் அரசு வழங்கிய ஒளிப்பட அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். விற்பனையாளர் பதிவேடு பேண வேண்டும். மீறினால் 50,000 ரூபாய் வரை அபராதம் என அவ்வாணை வரையறுத்தது. 1919ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டம் அதற்குப் பின்புலமாக இருந்தது.

ஆக, ஆயுதச் சட்ட மரபும் சிறார் சட்ட மரபும் தனித்தனி ஆறுகளாக ஓடி, துப்பாக்கியிலும் அமிலத்திலும் மட்டுமே கலந்துள்ளன. இரண்டுக்கும் பொதுவான கூறு ஒன்று உண்டு. அவை இல்லாமல் ஒரு குடும்பத்தின் அன்றாடம் நடக்கும். கத்தி இல்லாமல் ஒரு வேளைச் சமையலும் நடவாது.

5. மேற்குப் புறநகர்: வெட்டுக்கருவி புழங்கும் நிலம்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவை ஏரிப்பாசன வேளாண் ஊர்களாக இருந்து தொழிற்புறநகராக மாறியவை. ஆவடியில் 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964இல் தொடங்கப்பட்டது. வயல்கள் குறைந்தபோதிலும் வெட்டுக்கருவி குறையவில்லை. அதன் பயன்பாடு இடம் மாறியது. கதிர் அறுக்கும் கருக்கரிவாளின் இடத்தை இறைச்சிக் கடைக் கத்தியும் இளநீர் வண்டி அரிவாளும் கட்டுமானப் பணியின் வெட்டுக்கருவிகளும் பட்டறைகளின் உலோக வெட்டு அலகுகளும் பிடித்தன.

வயது வரம்பு என்னும் கருத்து இங்கே ஓர் உள்முரணைச் சந்திக்கிறது. தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்வதற்கான குறைந்தபட்ச வயது 14. தொழில் பழகுநர் சட்டமும் இடர்மிகு தொழில்கள் நீங்கலான பிறவற்றில் 14 வயதை ஏற்கிறது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையைச் சார்ந்த புறநகரில் பதினான்கு, பதினைந்து வயதில் பொருத்துநர், கடைசலர் பயிற்சியில் சேரும் மாணவரின் கையில் வெட்டும் கருவியைக் கொடுப்பது அரசே. அதே மாணவர் கடைக்குச் சென்று கத்தி வாங்கக் கூடாது எனில், கருவியைக் கையாளும் தகுதிக்கும் அதை வாங்கும் தகுதிக்கும் இடையே சட்டம் ஒரு தெளிவான கோட்டினை வரைந்தாக வேண்டும். துப்பாக்கிக்கான ஒன்பதாம் பிரிவில் பயிற்சி விலக்கு இருப்பது இவ்வகையில் முன்மாதிரியாகக் கொள்ளத்தக்கது.

6. 2021: பட்டறையின் பதிவேடு

2021 செப்டம்பரில் தென்மாவட்டங்களில் தொடர்ந்து நிகழ்ந்த பழிக்குப்பழிக் கொலைகளை அடுத்து, காவல்துறைத் தலைமை இயக்குநர் செ. சைலேந்திர பாபு தலைமையில் மாநிலம் முழுவதும் தேடுதல் நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டது. மூவாயிரத்திற்கும் மேற்பட்டோர் கைதாகினர். ஆயிரத்திற்கும் மேற்பட்ட கத்தி, அரிவாள் முதலியவை கைப்பற்றப்பட்டன. அதன் தொடர்ச்சியாகக் கொல்லுப்பட்டறை உரிமையாளர்களுக்கும் வெட்டுக்கருவி விற்பனையாளர்களுக்கும் அறிவுறுத்தல்கள் வழங்கப்பட்டன. வாங்குவோரின் பெயர், முகவரி, கைபேசி எண் ஆகியவற்றைப் பதிய வேண்டும். வீட்டுக்கும் வேளாண்மைக்கும் அல்லாத நோக்கத்திற்கு விற்கலாகாது. கண்காணிப்புக் கேமரா பொருத்த வேண்டும் என்பன அவற்றின் சாரம்.

இந்நிகழ்வை 2013ஆம் ஆண்டின் அமில ஆணையோடு ஒப்பிட்டால் வேறுபாடு புலப்படும். அமிலத்தில் நீதிமன்ற ஆணை, வயது வரம்பு, அடையாளச் சான்று, வரையறுத்த அபராதம் ஆகிய நான்கும் இருந்தன. வெட்டுக்கருவியில் வந்தது பதிவேடு மட்டுமே. அது சட்டமன்றம் இயற்றிய விதியன்று, நிர்வாக அறிவுறுத்தல். வீட்டு, வேளாண் கருவிகளை ஆயுதச் சட்டம் தன் வரையறைக்கு வெளியே நிறுத்தியுள்ளதால், பதியாத கொல்லர் எவ்விதியை மீறியவராவார் என்பதற்குத் தெளிவான விடை இல்லை. தெளிவற்ற கடமை சட்டத்தைவிட எளியதாகத் தோன்றலாம். ஆனால் அதை நிறைவேற்றவேண்டியவருக்கு அது கூடுதல் அச்சத்தையே தரும்.

மேலும், அறிவுறுத்தல் முதலில் சென்றடைவது காவலர் நேரில் சென்று காணக்கூடிய உலைக்களத்தை. பேரங்காடியில் நெகிழி உறையிட்டு விற்கப்படும் கத்தித் தொகுதியும் இணையவழி வீட்டுக்கு வந்துசேரும் கத்தியும் அதே கண்ணில் படுவதில்லை. தான் அடித்த அரிவாள் யார் கைக்குப் போகிறது என்பதை முகம்பார்த்து அறியும் கொல்லரே சந்தேகத்திற்கு உரியவராகிறார். முகமே பார்க்காமல் விற்கும் வணிகம் சந்தேகத்திலிருந்து தப்புகிறது.

2022 ஜனவரி 1 முதல் ஆவடி தனிக் காவல் ஆணையரகமாக இயங்குகிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய மூன்றும் அதன் எல்லைக்குள் அடங்கும். அதற்கு முன்னர் 2008இல் உருவான சென்னைப் புறநகர் ஆணையரகம், 2011இல் சென்னைப் பெருநகரக் காவலுடன் இணைப்பு என எல்லைகள் மாறிவந்துள்ளன. நிர்வாக அறிவுறுத்தலின் உயிர் அதை வழங்கும் நிர்வாகத்தைச் சார்ந்தது. எல்லையும் அதிகாரியும் மாறும்போது அதன் தொடர்ச்சியும் உறுதியற்றதாகிறது.

7. வயது வரம்பு எதைத் தடுக்கும்?

இங்கிலாந்து இவ்வினாவுக்குச் சட்டத்தின் வழியே விடைதேடிய நாடு. இந்திய ஆயுதச் சட்டம் இயற்றப்பட்ட அதே 1959இல் அங்குப் பொத்தான் கத்திகளின் விற்பனை தடைசெய்யப்பட்டது. அப்போது அங்கும் அளவுகோல் வடிவமே. 1996ஆம் ஆண்டுச் சட்டம்தான் 16 வயதுக்குக் குறைந்தவருக்குக் கத்தி விற்பதைக் குற்றமாக்கியது. 2006ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வயதை 18 ஆக உயர்த்தியது. 2019ஆம் ஆண்டுச் சட்டம் இணையவழி விற்பனைக்கும் வீட்டுக்குக் கொண்டுசேர்ப்பதற்கும் விதிகளை இறுக்கியது. மூன்று அங்குலத்திற்கு மேற்படாத அலகுடைய மடக்குக் கத்திக்கு விலக்கு உண்டு. ஸ்காட்லாந்தில் 16 வயதினர் சமையலறைக் கத்தி வாங்கலாம். உரிய முன்னெச்சரிக்கைகளை மேற்கொண்டதாக நிறுவும் விற்பனையாளருக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. இத்தனைக்கும் பின்னர் அந்நாட்டில் கத்தி வன்முறை முடிவுக்கு வந்துவிடவில்லை. வரம்பு பயனற்றது என்று இதனால் ஆகாது. அது தனித்து நின்று போதாது என்பதே பெறப்படும்.

தமிழ்நாட்டு நிகழ்வுகள் இதை மேலும் தெளிவாக்குகின்றன. 2019 ஜூலை 23இல் பெரம்பூரிலிருந்து திருவேற்காடு செல்லும் 29இ பேருந்தை அரும்பாக்கத்தில் மறித்து மாணவர்கள் சிலர் சக மாணவர்களைப் பட்டப்பகலில் வெட்டினர். மேற்குப் புறநகரை நகரத்தோடு இணைக்கும் தடங்களுள் அதுவும் ஒன்று. ‘ரூட்டு தல’ எனப்படும் இவ்வழித்தட மோதலில் ஈடுபடுவோர் கல்லூரி மாணவர்கள். அவர்களுள் பெரும்பாலோர் 18 வயதைக் கடந்தவர்களாகவே இருப்பர். 18 என்னும் வரம்பு அவர்களைத் தொடாது.

2023 ஆகஸ்ட் 9இல் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் வீடு புகுந்து அரிவாளால் வெட்டப்பட்டபோது, குற்றம்சாட்டப்பட்டவர்கள் சிறார். வயது வரம்பு பொருந்தக்கூடிய நிகழ்வாக இது தோன்றலாம். ஆனால் வேளாண் ஊர்களில் அரிவாள் கடையில் தேடி வாங்க வேண்டிய பொருளன்று. எரவாணத்தில் ஏற்கெனவே செருகப்பட்டிருக்கும் பொருள். விற்பனைக் கட்டுப்பாடு எரவாணத்தை எட்டாது. அந்நிகழ்வையடுத்து அமைக்கப்பட்டு 2024 ஜூனில் அறிக்கை அளித்த நீதிபதி கே. சந்துரு குழு, கல்வி நிலையங்களில் நிலவும் சாதி அடையாளங்களை முதன்மைச் சிக்கலாகக் கண்டு பரிந்துரைகளை வழங்கியது. மாணவரின் கைக்கு அரிவாள் எவ்வாறு வந்தது என்பதைவிட, அதை ஓங்கவேண்டும் என்ற எண்ணம் எவ்வாறு வந்தது என்பதே அங்கு அடிப்படை வினா.

எனவே வயது வரம்பின் பயன் ஓர் எல்லைக்குட்பட்டது. நகர்ப்புறத்தில், வீட்டில் அத்தகைய கருவி இல்லாத சிறுவர், திடீர்ச் சினத்தில் கடைக்குச் சென்று வாங்குவதை அது தாமதப்படுத்தக்கூடும். அத்தாமதம் சில வேளைகளில் ஓர் உயிரைக் காக்கலாம் என்பதால் அதைப் புறக்கணிக்கவும் இயலாது.

8. முடிவுரை

1801இன் அறிவிப்பு முதல் 2021இன் பதிவேடு வரை அரசு வெட்டுக்கருவியை எவ்வாறு கண்டது என்பதை நோக்கும்போது, அளவுகோல்கள் காலத்தின் அச்சத்திற்கேற்ப மாறியது புலனாகிறது. கிளர்ச்சி அச்சத்தின் காலத்தில் இடமும் சமூகமும் முன்னின்றன. குடியரசின் காலத்தில் அளவும் நோக்கமும் முன்னின்றன. இளையோர் வன்முறை பற்றிய இக்காலக் கவலை வயதை நோக்கித் திரும்புகிறது. ஆனால் அதற்குரிய சட்டம் இன்னும் எழுதப்படவில்லை.

அவ்வாறு எழுதப்படுமாயின் மூன்று கூறுகள் அதில் இடம்பெறுதல் வேண்டும். வரம்பும் பதிவுக் கடமையும் சட்டமன்றத்தின் வழியே, விற்பனையாளருக்குரிய பாதுகாப்போடு வரையறுக்கப்பட வேண்டும். பட்டறைக்கும் பேரங்காடிக்கும் இணைய வணிகத்திற்கும் அவை ஒரே தன்மையாகப் பொருந்த வேண்டும். தொழிற்பயிற்சி மாணவருக்கும் வேளாண் குடும்பத்து இளையோருக்கும் ஒன்பதாம் பிரிவின் பயிற்சி விலக்கை ஒத்த விலக்கு வேண்டும். இவை இல்லாத நிலையில், சட்டம் செய்யாத வேலையை ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டு செய்துமுடிக்கும் பொறுப்பு உலையருகே நிற்கும் கொல்லரின் மீதே தொடர்ந்து இருக்கும்.